ஊங்கொட்டி இருந்த வகுப்பு

வாயைத் திறக்காமலேயே ஒரு கல்லூரியை ஆட்டிவைத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கம்பைநல்லூர்ப் பக்கத்துக்காரர். எங்களோடு பி.யு.சி. என்கிற புகுமுக வகுப்பு படித்தார். பெயர் ஊங்கொட்டி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பார்.

அவரைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர். ஜூன் மாதம் வந்துவிட்டது, கல்லூரிகள் திறக்கப்போகின்றன, "முதல் நாள் கல்லூரிக்குப் போகிற உங்களையே வழியில் பார்த்தால் என்ன புத்திமதி சொல்வீர்கள்? எழுதுங்களேன்" என்றார். மற்ற எழுத்தாளர்கள் நேரத்தை வீணாக்காதே, நூலகத்துக்குப் போ, கண்டதையும் தின்னாதே என்று எழுதிக் குவித்திருப்பார்கள். நான் சொல்லப்போகிற பையனை எனக்கு நன்றாகத் தெரியும். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குவான். எண்ணெய் வழிகிற முகம். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். ஒன்றும் காதில் ஏறாது.

ஆகவே அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். "டேய், வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவர் வந்து உட்காருவார். பெரிய உடம்பு, தோளில் துண்டு. நேராகப் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்."

அறுபதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்தால் அங்கே எல்லாமே இங்கிலீஷ். எங்கள் வூட்டில் அதுவரை யாரும் பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. எங்கள் மாதா கோயில் சாமியார் வந்து சொன்னார் என்பதற்காக அப்பா என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். அனுப்பும்போதே சொல்லிவிட்டார்: "புரிஞ்சா படி. புரியலீன்னா வந்துரு. இங்க ஏர் சும்மாத்தான் கெடக்குது." அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஏர் சும்மாத்தான் கிடந்தது.

இயற்பியல் நடத்தியவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர். நல்லவர்தான். வேகம் மட்டும்தான் கெடுதல். மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்காமல் புழுதி கிளப்பிக்கொண்டு போகுமே மெயில், அதைப்போல ஒரு மணிநேரம் நிற்காமல் போவார். எங்களுக்கெல்லாம் புழுதி மட்டுமே மிச்சம். அவருக்கு மெயில் என்றே பெயர் விழுந்தது. "அண்டர்ஸ்டாண்ட்?" என்று நடுவில் ஒரு தடவை கேட்பார். மொத்த வகுப்பும் காற்றில் சோளக்கதிர் ஆடுகிற மாதிரி ஆடும். பெரியவர் ஒருவர் பேசும்போது புரியவில்லை என்று சொல்வது எங்கள் ஊர்ப்பக்கத்தில் மரியாதைக்குறைவு. அவரும் திருப்தியாக அடுத்த பக்கத்துக்குப் போவார்.

முதல் வாரக் கடைசிக்குள் ஊருக்கே திரும்பிவிடுவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை பஸ். பெட்டியைக்கூடக் கட்டிவைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை புதிதாக ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். ஊரில் ஏதோ வேலை, அதனால் தாமதம் என்றார்கள். எங்களைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். பெஞ்சு அவருக்குக் குட்டையாக இருந்தது. மெயில் புறப்பட்டார். கரும்பலகையில் ஒரு பாத்திரம் வரைந்தார், அதில் தண்ணீர் வரைந்தார், படத்தைக் காட்டிக் காட்டி இங்கிலீஷில் நீளமாக ஒரு வாக்கியம் சொல்லி முடித்தார்.

பின்னாலிருந்து கனமாக ஒரு சத்தம் வந்தது.

"ஊம்."

மெயில் நின்றுவிட்டார். "ஹூ இஸ் தட்?"

ஊங்கொட்டி எழுந்தார். "நாந்தானுங்க."

"என்ன வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாமுங்க. நீங்க சொல்லுங்க."

மெயில் முறைத்துவிட்டு மறுபடியும் தொடர்ந்தார். அடுத்த வாக்கியம் முடிந்ததும், "ஊம்." கேலி செய்கிறான் என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கெட் அவுட்!" என்றார். ஊங்கொட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றுகொண்டார். மெயில் விட்ட இடத்தில் பிடித்து ஒரு வாக்கியம் சொன்னார். ஜன்னல் வழியாக வந்தது, "ஊம்."

மெயில் போய் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த ஜன்னலில் "ஊம்."

கடைசியில் அவரை உள்ளே கூப்பிட்டு விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் ஊரில் மழை தவறினால் கோயிலில் கதை வைப்பார்கள். மத்தியானம் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நடக்கும். கதை சொல்பவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஓர் ஆள் ஊம் கொட்டவேண்டும். ஊம் வந்தால்தான் அடுத்த வரி. எங்கள் பக்கத்துக் குழந்தைகளே கதைக்கு ஊம் கொட்டத்தான் செய்யும். ஆனால் கோயில் கதைக்கு ஊம் கொட்டுவது ஒரு பொறுப்பு. அது ஊங்கொட்டியின் குடும்பத்துக்கு உரியது. இவருக்கு உட்காரத் தெரிந்த நாளிலிருந்து இவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு பெரிய மனுசரு நின்னுக்கிட்டு கத சொல்றாருங்க. நாங்க கல்லாட்டம் உக்காந்திருந்தா என்னங்க மரியாத?" என்றார் ஊங்கொட்டி.

"இது கதை இல்லைப்பா, ஃபிசிக்ஸ்."

"என்னமோ ஒண்ணுங்க. நீங்க சொல்றீங்கல்ல?"

மெயிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உட்கார்ந்து தொலை" என்றார். அந்த இடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். ஏனென்றால் ஊங்கொட்டியின் குடும்பத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. அதை மெயிலுக்கு யாரும் சொல்லவில்லை.

மெயில் சந்தோஷமாக அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். தண்ணீரில் மூழ்குகிற பொருளின் எடை குறைகிறது என்பதைப் பற்றிய விதி அது. சொல்லிவிட்டு நின்றார். ஊம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். ஊங்கொட்டி கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெயில் வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். நிசப்தம். படத்தைப் பெரிதாக வரைந்து, அம்பு போட்டு, எழுத்துப் போட்டுச் சொன்னார். நிசப்தம்.

"ஏன்யா இப்ப கொட்ட மாட்டேங்கிற?"

"அதுவரைக்கும் படத்தப் பாத்தே புரிஞ்சுதுங்க. இது புரியலீங்களே. புரியாம ஊங்கொட்டுனா கத சொல்றவருக்குத் துரோகமுங்க."

இத்தனை நாள் நாங்கள் ஆட்டிய தலைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று மெயிலுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்கவேண்டும். சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்தார். கை தட்டித் தூசியை உதறினார். முதல் முறையாகப் பாடத்தைத் தமிழில் எடுத்தார்.

"கிணத்துல தண்ணி சேந்தியிருக்கியா?"

"அதத் தவுர வேறென்னங்க வேல?"

"குடம் தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் கனக்குதா?"

"இல்லீங்க. பூவாட்டம் வருமுங்க."

"எப்ப கனக்குது?"

"தண்ணிய உட்டு மேல வந்ததும் கைய இழுக்குமுங்க."

"ஏன்? தண்ணிக்குள்ள இருந்தப்ப யாரோ கீழேயிருந்து குடத்தைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. யாரு?"

ஊங்கொட்டி யோசித்தார். நான் யோசித்தேன். என் வாழ்க்கையில் எத்தனை குடம் சேந்தியிருப்பேன்! ஒரு நாளும் அந்தக் கேள்வி வந்ததில்லை. சட்டென்று உள்ளே ஏதோ திறந்துகொண்டது. தண்ணீர்! தண்ணீர்தான் தாங்கிப் பிடிக்கிறது! பின்னாலிருந்து அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூரை ஓட்டைத் தொட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஊம்ம்ம்ம்ம்!"

சனிக்கிழமை பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை. கட்டின பெட்டியை அவிழ்த்தேன்.

அதற்கப்புறம் மெயில் பாசஞ்சராக மாறிவிட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஊம் வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார். மற்ற ஆசிரியர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பயந்தார்கள். வேதியியல்காரர் வகுப்புக்கு வருமுன் வராந்தாவில் தனியாக நின்று தமிழில் சொல்லிப் பார்த்துக்கொள்வதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊங்கொட்டியின் ஊம்களில் வகைகள் உண்டு. குட்டையான ஊம் என்றால் புரிந்தது, மேலே போங்கள். இழுத்த ஊம் என்றால் அடடா. வால் தூக்கிய ஊம் ஒன்று உண்டு. அது வந்தால் ஆசிரியர்கள் சொன்னதைத் தாங்களே ஒருமுறை புத்தகத்தில் சரிபார்ப்பார்கள். ஆச்சரியம் என்னவென்றால், பாதி நேரம் தப்பு அங்கேதான் இருக்கும்.

விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஊருக்கு வந்தவர், கதை நடக்கிற இடம் என்று கேள்விப்பட்டு என்னோடு பூசைக்கு வந்துவிட்டார். எங்கள் கோயில் சாமியாரின் பிரசங்கம் சின்னது. கேட்பவர்கள் தூங்குவதற்குள் முடித்துவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. அன்றைக்கு முதல் வரிக்கே ஊம் வந்தது. சாமியார் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது வரிக்கும் வந்தது. அத்தனை வருஷத்தில் தம்முடைய பேச்சை ஓர் ஆள் கேட்கிறான் என்பது அவருக்கு அதுதான் முதல் அனுபவம். குரல் ஏறியது. கை ஆடியது. உச்சிவெயில் வந்தபிறகும் முடியவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்த பெண்களெல்லாம் நெளிந்தார்கள். வெளியே வந்ததும் என் அத்தை என் காதைத் திருகினாள்: "அந்தப் புள்ளய இனிமே இங்க கூட்டியாந்த, கால ஒடிச்சுப்புடுவன்." சாமியார் மட்டும் மறுவாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் சிநேகிதர் சௌக்கியமா?" என்று விசாரித்தார்.

இதற்கு நேர்மாறாக ஒரு பொதுக்கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர். அந்தக் காலத்து மேடைத்தமிழ், ஒரே எழுத்தில் ஆரம்பிக்கிற சொற்களாகக் கோத்து ஆற்றுவெள்ளமாக ஓடியது. கூட்டம் கைதட்டி ஓய்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஊங்கொட்டியிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வரும்போது கேட்டேன். "ஏண்ணா ஒரு ஊம்கூட கொட்டலே?"

"அவரு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே தம்பி," என்றார் வருத்தமாக.

வருஷ நடுவில் ஒரு சோதனை வந்தது. எங்கள் கல்லூரியில் அப்போது பி.யு.சி. மட்டும்தான். பட்ட வகுப்பு தரலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்றார்கள். தராவிட்டால் மேலே படிக்கச் சேலம் போகவேண்டும். அப்பாவிடம் லேசாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "சேலமா? அம்புட்டுத் தூரம் போயி அப்படி என்னாத்தடா தெரிஞ்சுக்கப் போற?" என்றார். முடிந்தது. குழு சரி என்றால் நான் படிப்பேன், இல்லையென்றால் ஏர். அவ்வளவுதான் விஷயம்.

முதல்வர் ஊங்கொட்டியைத் தம் அறைக்கு அழைத்தார். பெரிய படிப்பாளிகள் வருகிறார்கள், அவர்கள் முன்னால் கதைக்களம் மாதிரி சத்தம் போட்டால் கல்லூரி மானம் போய்விடும் என்றார். "அன்னிக்கு ஒரு நாள் மட்டும் சும்மா இருக்கணும். வாயைத் திறக்கக்கூடாது."

"நான் என்னிக்குங்க வாயத் தொறந்தேன்?" என்றார் ஊங்கொட்டி. ஆனால் சம்மதித்தார்.

குழு வந்தது. தலைவர் வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. எங்கள் வகுப்பில் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வாசலில் முதல்வர். பயமில்லாமல் நடத்தலாம் என்பதற்காக மெயில் அதே மிதப்பு விதியைத்தான் எடுத்திருந்தார். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வழக்கம்போல நின்றார்.

சத்தம் இல்லை. ஊங்கொட்டி துண்டின் நுனியைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். கண்களில் நீர் முட்டியது.

மெயிலுக்குத் தடை தெரியும். ஆனாலும் அவர் தொண்டை பழகிவிட்டிருந்தது. ஊம் வராமல் அடுத்த வாக்கியம் வெளியே வர மறுத்தது. அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னார். மறுபடியும் நின்றார். வியர்த்தது. தமிழுக்கு இறங்கினார், கிணற்றுக்குப் போனார், குடத்தைப் பிடித்தார், மறுபடியும் நின்றார். குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் தலைவர் காதில் என்னவோ சொன்னார். வாசலில் முதல்வர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பட்ட வகுப்பு என் கண் முன்னாலேயே சேலத்துக்கு நடையைக் கட்டிக்கொண்டிருந்தது.

அப்போது வகுப்பில் ஒரு சத்தம் கேட்டது. மெலிசான, உடைந்த, குஞ்சுக்கோழி மாதிரியான சத்தம்.

"ஊம்."

நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே நம்பமுடியவில்லை. ஆனால் கிணறு எனக்குப் புரிந்திருந்தது. புரிந்ததை எத்தனை நேரம்தான் உள்ளேயே வைத்திருப்பது?

மெயில் முகத்தில் உயிர் வந்தது. அடுத்த வாக்கியம் கிளம்பியது. முன் பெஞ்சிலிருந்து யாரோ ஊம் என்றான். அடுத்ததற்கு நடுபெஞ்சு முழுக்க. கொஞ்ச நேரத்தில் வகுப்பே கொட்டியது. வண்டி குலுங்கிக்கொண்டு ஓடியது.

"ஸ்டாப்!" என்று தலைவர் எழுந்தார். "என்ன சத்தம் இது? முதல்ல ஆரம்பிச்சது யாரு? நீதானே? எழுந்திரு. வாட் டிட் யூ அண்டர்ஸ்டாண்ட்?"

எழுந்தேன். இங்கிலீஷ் ஒரு எழுத்துகூட வரவில்லை. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஓர் ஆசிரியரிடம் வாய்விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எங்கள் கொல்லைக் கிணற்றை நினைத்தேன்.

"எங்க கெணத்துல தண்ணி சேந்துவோமுங்க..."

"ம்," என்றார் தலைவர்.

"கொடம் தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் கனமே தெரியாதுங்க."

"ம்."

"ஏன்னா தண்ணி அத கீழேருந்து தாங்கிப் புடிக்குதுங்க."

"ம்... அப்புறம்?"

அப்புறம் நான் நிற்கவேயில்லை. குடம் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறது, அந்தத் தண்ணீரின் எடை எவ்வளவு, குடத்தின் எடை எவ்வளவு குறைகிறது என்று விதி முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் அந்த வெள்ளைத் தலை "ம்... ம்..." என்று ஆடியது. கடைசி பெஞ்சில் ஊங்கொட்டியால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. துண்டை வாயிலிருந்து உருவினார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! ஐயாவும் கொட்றாருங்க!"

முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவர் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பில் எங்கள் கல்லூரிக்குப் பட்ட வகுப்பு வந்துவிட்டது.

நான் மேலே படித்தேன். ஊங்கொட்டி படிக்கவில்லை. ஆண்டுப் பரீட்சை ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டார். நான் எழுதி முடித்ததும், வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஓடினேன். "என்னண்ணா, தெரியாத கேள்வியா?"

"எல்லாம் தெரிஞ்சதுதான் தம்பி. ஆனா நான் சொல்லச் சொல்ல அந்தத் தாளு ஊம்னு ஒரு சத்தம் குடுக்கமாட்டேங்குது. அதுக்குப் புரியுதா இல்லையான்னு தெரியாம எப்படி மேல எழுதறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூருக்கு பஸ் ஏறிவிட்டார். மெயில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்.

எழுபதுகளின் கடைசியில் நானே இந்த ஜில்லாவில் இன்னொரு கல்லூரியில் இயற்பியல் நடத்தப் போனேன். முதல் வகுப்பு. புது வேட்டி, புது சட்டை, நாக்கு நுனியில் இங்கிலீஷ். பையன்களும் பெண்களுமாக நிறைந்திருந்தார்கள். முதல் வாக்கியத்தைச் சொன்னேன். எல்லாத் தலைகளும் ஆடின. எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாக்கியம் சொன்னேன். ஆடின. அப்போதுதான் கவனித்தேன். கடைசி பெஞ்சில் ஆடாத தலை ஒன்று இருந்தது. அங்கங்கே நரைக்கத் தொடங்கியிருந்தது. தோளில் துண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்ததை யாரோ சொல்லி, மண்வெட்டியைப் போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார். வந்தவர் பேசாமல் பையன்களோடு பையனாக உட்கார்ந்துவிட்டார். கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊம் வரவில்லை.

சொன்னதையே திருப்பிச் சொன்னேன். வரவில்லை. மெயில் பட்ட பாடு எனக்கு அன்றுதான் தெரிந்தது. சுண்ணாம்புக்கட்டியை மேசைமேல் வைத்தேன். கையைத் தட்டிக்கொண்டேன். "உங்க வூட்ல கெணறு இருக்குதா?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து கனமாக வந்தது, "ஊம்."

மணி அடித்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா சொல்றீங்க சார். பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு, வரட்டுங்களா?" என்றார்.

"அண்ணா, என்னப் போயி சார்னு சொல்லாதீங்கண்ணா. நான் அந்தப் பெட்டியக் கட்டி வெச்ச பையன்தான். நீங்க மட்டும் அன்னிக்கு வராம இருந்திருந்தா..."

அவர் காத்திருந்தார். மிச்சத்தை நான் சொல்லவில்லை. ஆனாலும் "ஊம்" என்றார். குட்டையான ஊம்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆகையால், பாலக்கோட்டு பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்குகிற பையா, தலையாட்டாமல் கேள். புரிந்தால் ஊம் சொல். புரியாவிட்டால் சும்மா இரு. பெட்டியை மட்டும் கட்டாதே. வெள்ளிக்கிழமை அவர் வந்துவிடுவார்.